இரண்டு காசும் முந்நூறு தெனாரியமும்: கிறிஸ்தவ விசுவாசத்தில் சிறு செயல்களின் இடம்

சிறிய அன்புச் செயல்களைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் நிறையப் பேசுகிறார்கள். பிரசங்கத்தில் வரும், ஞாயிறு பள்ளியில் வரும், வாழ்த்து அட்டையில்கூட வரும். ஆனால் ஒருவர் "சின்னதாக ஏதாவது செய்தால் போதும், மனசுதான் முக்கியம்" என்கிறார். இன்னொருவர் "ஒவ்வொரு நற்செயலும் பரலோகக் கணக்கில் ஏறும்" என்கிறார். இருவரும் ஒரே விசுவாசத்தைத்தான் விளக்குகிறார்களா என்று புதிதாகக் கேட்பவருக்குச் சந்தேகம் வரும். நியாயமான சந்தேகம்தான். முதல் பேச்சு சோம்பலுக்குப் பாய் விரிக்கிறது. இரண்டாவது பேச்சு விசுவாசத்தைக் கொடுக்கல் வாங்கலாக்கிவிடுகிறது. நற்செய்தி நூல்களை ஊன்றிப் படித்தால் அவை இரண்டுக்குமே இடம் கொடுப்பதில்லை.

சிறு செயல் என்றால் என்ன, அதற்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது, அது எங்கே பிசகுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்வதுபோல

எழுந்து நடமாட முடியாத ஒரு பெரியவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் இடுப்பு, வால் எலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் எடை அழுத்தி, இரத்த ஓட்டம் குறைந்து, தோல் சிவந்து, பிறகு புண்ணாகும். பக்கம் மாற்றுவதற்குச் சில நிமிடம் போதும். முதுகுக்கு அடியில் துணி சுருண்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்க இன்னும் அரை நிமிடம். அதைப் பெரிய காரியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அது நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். ஒன்று, தனியாக எடுத்துப் பார்த்தால் ஒருமுறை பக்கம் மாற்றியதால் நோய் தீர்வதில்லை. திரும்பத் திரும்பச் செய்வதில்தான் அதன் பலன் இருக்கிறது. இரண்டு, கையை மட்டும் கொடுத்தால் போதாது, கவனத்தையும் கொடுக்க வேண்டும். துணி மடிப்பு கவனிக்கிறவர் கண்ணுக்குத்தான் தெரியும். மூன்றாவதுதான் நம் விஷயத்துக்கு மிக முக்கியம். அந்தப் பெரியவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் மகள், அதைச் செய்து மகளாகும் தகுதியைச் சம்பாதிப்பதில்லை. அவள் ஏற்கெனவே மகள். அதனால்தான் செய்கிறாள்.

கிறிஸ்தவப் போதனையில் சிறு செயலின் இடம் இந்த மூன்றாவது வரியில் இருக்கிறது.

உறவு முதலில், செயல் பிறகு

இங்கே ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது: கிருபை. மனிதரின் தகுதியைப் பார்க்காமல், அவர் சம்பாதிக்காமல், கடவுள் தாமாகத் தரும் தயவு என்று பொருள். கத்தோலிக்கர் இதை அருள் என்பார்கள். எபேசியர் நிருபம் 2-ஆம் அதிகாரம் 8 முதல் 10 வரையுள்ள வசனங்கள் வரிசையைத் தெளிவாக வைக்கின்றன. கிருபையினாலே விசுவாசத்தின் வழியாக மீட்கப்பட்டிருக்கிறீர்கள். அது செயல்களால் வந்ததல்ல. ஆனாலும் நற்செயல்கள் செய்வதற்கென்றே படைக்கப்பட்டிருக்கிறீர்கள். 8, 9-ஆம் வசனங்களோடு நிறுத்திக்கொண்டால் செயலே வேண்டாம் என்பதுபோல் ஒலிக்கும். 10-ஆம் வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் செயல்தான் எல்லாம் என்பதுபோல் ஒலிக்கும். மூன்றையும் சேர்த்துப் படிப்பவர்களுக்குக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இதைப் பற்றித் திருச்சபைக்குள்ளேயே நூற்றாண்டுக் கணக்கில் சண்டை நடந்தது. கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து புராட்டஸ்டண்ட் சபைகள் பிரிந்த 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தின் மையக் கேள்வியே இதுதான். 1547-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் தங்கள் தரப்பின் பதிலை வகுத்தது. பல நூற்றாண்டுகள் கழித்து, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும், லூத்தர் வழிவந்த சபைகளின் அமைப்பான லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. கடவுள் நம்மை ஏற்றுக்கொள்வது கிருபையால் மட்டுமே, நம் தகுதியால் அல்ல. நற்செயல்கள் அந்த ஏற்பிலிருந்து பிறக்கும் கனிகள் என்ற அடிப்படையில் இரு தரப்பும் உடன்பட்டன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் சிறு செயலைச் சொர்க்கத்துக்கான தவணைப் பணமாக நினைப்பதை இந்த இரு மரபுகளுமே ஏற்பதில்லை என்பதைப் புதிதாகப் படிப்பவர் உறுதியாகப் பிடித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு என்பதா அளவுகோல்?

மாற்கு நற்செய்தியில் இரண்டு அதிகார இடைவெளியில் இரண்டு பெண்கள் வருகிறார்கள். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மிகவும் பயனுள்ளது. ஆனால் வழக்கமாக முதல் பெண்ணை மட்டுமே நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம்.

முதலாமவர், 12-ஆம் அதிகாரத்தின் ஏழை விதவை. ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு லெப்தோன் காசுகளைப் போடுகிறார். அன்று புழக்கத்தில் இருந்தவற்றிலேயே மிகச் சிறிய செப்புக் காசு அது. இரண்டும் சேர்ந்தால் ஒரு குவாத்ரன்ஸ் என்று மாற்கே விளக்குகிறார். 64 குவாத்ரன்ஸ் சேர்ந்தால் ஒரு தெனாரியம். ஒரு தெனாரியம் என்பது கூலியாள் ஒருவரின் ஒரு நாள் கூலி. அப்படியானால் அவர் போட்டது ஒரு நாள் கூலியில் 64-இல் ஒரு பங்கு. 12 மணி நேர வேலை நாள் என்று கணக்கிட்டால் சுமார் 11 நிமிட உழைப்பின் மதிப்பு. எல்லாரையும்விட அதிகமாகப் போட்டவர் இவரே என்கிறார் இயேசு.

இரண்டாமவர், 14-ஆம் அதிகாரத்தில் பெத்தானியாவில் வரும் பெண். விலையேறப்பெற்ற நறுமணத் தைலம் நிறைந்த சிமிழை உடைத்து இயேசுவின் தலையில் ஊற்றுகிறார். 300 தெனாரியத்துக்கு மேல் விற்றிருக்கலாமே, ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று அங்கிருந்தவர்கள் கடிந்துகொள்கிறார்கள். 300 தெனாரியம் என்பது ஓய்வுநாட்களைக் கழித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஓர் ஆண்டுக் கூலி. விதவையின் காணிக்கையோடு ஒப்பிட்டால் 19,200 மடங்கு. இவரையும் இயேசு பாராட்டுகிறார். தன்னால் இயன்றதை இவள் செய்தாள் என்கிறார்.

ஒருவர் போட்டது 11 நிமிடக் கூலி, மற்றவர் ஊற்றியது ஓர் ஆண்டுக் கூலி. இருவருக்கும் கிடைத்தது ஒரே பாராட்டு. பெரிய தொகையால்தான் மதிப்பு வரும் என்றால் விதவை தோற்றிருப்பார். சிறியதாக இருப்பதே புனிதம் என்றால் பெத்தானியாப் பெண் தோற்றிருப்பார். இருவரிடமும் பொதுவாக இருந்தது, தங்கள் கையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் கொடுத்தது.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு கிடைக்கிறது. சிறு செயல் என்பது பெரிய செயலுக்கான மலிவு விலை மாற்று அல்ல. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வசதியுள்ளவர் ஒரு குறுஞ்செய்தியோடு முடித்துக்கொண்டு அதை விதவையின் காசு என்று சொல்ல முடியாது. விதவையிடம் இருந்தது அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது அடிக்கடி விட்டுப்போகிறது. விதவையின் கதைக்கு முந்தைய வசனத்தில், விதவைகளின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞர்களை இயேசு கண்டிக்கிறார். அடுத்த அதிகாரம் தொடங்கும்போதே அந்த ஆலயம் இடிக்கப்படும் என்கிறார். ஆகவே இந்தக் காட்சியை "ஏழைகளே, கடைசிக் காசையும் கொடுங்கள்" என்று காணிக்கை திரட்டுவதற்குப் பயன்படுத்துவது மிகத் தவறான வாசிப்பு. கொடுத்தவரின் உள்ளத்தைப் பாராட்டும் அதே இடத்தில், அவரை அந்த நிலையில் வைத்திருந்தவர்கள்மீது கடும் கண்டனமும் இருக்கிறது.

யாருக்குப் போய்ச் சேருகிறது?

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் இறுதித் தீர்ப்புக் காட்சியில் ஆறு செயல்கள் வருகின்றன: பசித்தவருக்கு உணவு, தாகமுற்றவருக்குத் தண்ணீர், அந்நியருக்குத் தங்க இடம், ஆடையற்றவருக்கு ஆடை, நோயாளியைக் கவனித்துக்கொள்வது, சிறையிலிருப்பவரைப் போய்ப் பார்ப்பது. இந்தப் பட்டியலில் எது இல்லை என்று பாருங்கள். நோயைக் குணமாக்கியதாக இல்லை. போய்ப் பார்த்துக்கொண்டதாக இருக்கிறது. சிறைக் கதவைத் திறந்ததாக இல்லை. தேடிப் போனதாக இருக்கிறது. அற்புதம் எதுவும் இல்லை. கையும் காலும் கொஞ்சம் நேரமும் உள்ள யாராலும் முடிகிறவை அவை.

இந்தச் சிறியோரில் ஒருவருக்குச் செய்தது எனக்கே செய்தது என்று அரசராக வரும் கிறிஸ்து சொல்லும்போது, நீதிமான்கள் "ஆண்டவரே, எப்போது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று திகைக்கிறார்கள். அவர்கள் கணக்கு வைத்திருக்கவில்லை. பசித்த மனிதரைப் பார்த்தார்கள், சோறு போட்டார்கள். எதிரே இருப்பவரைப் படிக்கட்டாக வைத்து அவர் தலைக்கு மேலே கிறிஸ்துவைத் தேடவில்லை. இது நுட்பமான இடம். "உனக்காக இல்லை, இயேசுவுக்காகச் செய்கிறேன்" என்று நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பவருக்கு அது வலிக்கும். அந்தக் காட்சியிலும் அப்படி யாரும் பேசவில்லை.

அதே நூலின் 10-ஆம் அதிகாரம் 42-ஆம் வசனம் இன்னும் இறங்கி வருகிறது: ஒரு கலசம் குளிர்ந்த தண்ணீர். காசு செலவில்லாதது, ஆனால் வெயிலில் நடந்து வந்தவருக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் அதற்கு ஈடாகாது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: கடவுளின் தயவு முதலில் வருகிறது, செயல் அதற்கு மறுமொழி. அதன் அளவை வைத்து மதிப்பு ஏறுவதோ இறங்குவதோ இல்லை. அது எதிரே இருக்கும் மனிதருக்கு உண்மையாகவே போய்ச் சேர வேண்டும்.

மனசு மட்டும் போதுமா?

போதாது. யாக்கோபு நிருபம் 2-ஆம் அதிகாரம் இதை முகத்துக்கு நேராகக் கேட்கிறது. ஆடையும் உணவும் இல்லாத ஒருவரிடம் "சமாதானமாகப் போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாய்வார்த்தை சொல்லி அனுப்பினால் என்ன பயன்? மறுபக்கம், 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரம் உடைமையையெல்லாம் வாரிக் கொடுத்தாலும் அன்பு இல்லையென்றால் பயனில்லை என்கிறது. நோக்கம் இல்லாத செயலும் செயல் இல்லாத நோக்கமும் இரண்டுமே குறைதான்.

நோக்கம் என்று இங்கே சொல்வது உணர்ச்சியை அல்ல. நெஞ்சு நெகிழ்வது, கண் கலங்குவது வந்தால் நல்லது, வராவிட்டாலும் குறையில்லை. எதிரே இருப்பவருக்கு நன்மை உண்டாக வேண்டும் என்று தேர்ந்துகொள்வதே நோக்கம். தூக்கம் கெட்டு எரிச்சலோடு எழுந்து குழந்தைக்குப் பால் கலக்குபவரிடம் அந்த நிமிடம் இனிய உணர்வு எதுவும் இருக்காது. ஆனால் அன்பு இருக்கிறது.

1522-இல் திருமணத்தைப் பற்றி எழுதியபோது, சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் இதே இடத்தைத் தொட்டார். குழந்தையின் அழுக்குத் துணியைத் துவைக்கும் தகப்பனை ஊரார் கேலி செய்யலாம். அவன் அதை விசுவாசத்தோடு செய்தால் கடவுளும் தூதர்களும் மகிழ்கிறார்கள் என்றார். மடத்துக்குள் போனால்தான் கடவுளுக்கு ஊழியம் என்று பரவலாக எண்ணப்பட்ட காலத்தில் அது துணிச்சலான பேச்சு. அவரவர் இருக்கும் இடத்தில், செய்யும் வேலையில் கடவுள் அவரவரை வைத்திருக்கிறார் என்ற இந்தக் கருத்தை இறையியலில் அழைப்பு என்கிறார்கள்.

கிட்டே போய்ப் பார்த்தால்: லிசியேயில் ஒரு மாலை

சிறு செயல் என்றவுடன் கத்தோலிக்கர் நினைவுக்கு வருபவர் பிரான்சு நாட்டின் குழந்தை இயேசுவின் தெரேசா. 1873-இல் பிறந்து, 1888-இல் 15 வயதில் லிசியே நகரில் கார்மேல் என்ற துறவற சபையின் மடத்தில் சேர்ந்து, 1897-இல் 24 வயதில் காசநோயால் இறந்தார். தான் கண்ட பாதையைச் சிறு வழி என்று அழைத்தார். பெரிய தவம் செய்யும் வலிமை தனக்கில்லை, ஆகவே கைக்கு எட்டும் சின்னச் சின்னக் காரியங்களை அன்போடு செய்து, குழந்தையைப்போல் கடவுளை நம்பியிருப்பேன் என்பது அதன் சாரம்.

இதை ரோஜாப்பூவும் புன்னகையுமாக மட்டும் கற்பனை செய்துகொள்கிறார்கள். உண்மையில் அது எப்படி இருந்தது என்பது அவர் எழுதிவைத்த குறிப்புகளில் இருக்கிறது. மடத்தில் மூட்டு முடங்கிய ஒரு வயதான கன்னியர் இருந்தார். மாலையில் ஜெபக்கூடத்திலிருந்து உணவறைக்கு அவரை யாராவது கைத்தாங்கலாக அழைத்துப் போக வேண்டும். அவரைத் திருப்திப்படுத்துவது மிகக் கடினம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரேசா அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நேரமாகிவிட்டது என்று காட்ட அந்த மூதாட்டி மணல் கடிகாரத்தை எடுத்து அசைப்பார். உடனே எழ வேண்டும். இருக்கையை அவர் சொல்லும் விதத்தில்தான் நகர்த்த வேண்டும், அவசரப்படக் கூடாது. பின்னாலிருந்து இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். கொஞ்சம் வேகமாக நடந்தால், விழப்போகிறேன் என்பார். மெதுவாக நடந்தால், உன் கையே தெரியவில்லை, விட்டுவிட்டாயா என்பார். இவ்வளவு சின்னப் பெண்ணால் இது ஆகாது என்று அப்போதே சொன்னேனே என்றும் சேர்த்துக்கொள்வார். உணவறையில் உட்கார வைத்து, அவருக்குப் பிடித்த முறையில் சட்டைக் கையை மடித்துவிட வேண்டும். அதோடு வேலை முடிந்தது.

முடங்கிய விரல்களால் அந்த மூதாட்டி ரொட்டியைக் கிண்ணத்தில் எடுத்து வைக்கத் தடுமாறுவதைத் தெரேசா சில நாளில் கண்டுகொண்டார். யாரும் கேட்கவில்லை, அவராகவே அதையும் செய்துவிட்டு, புறப்படுமுன் ஒரு புன்னகையும் தந்து போகத் தொடங்கினார். மூதாட்டியின் மனத்தைத் தொட்டது அதுதான்.

இங்கே சிறு வழி வேலை செய்யும் விதம் துல்லியமாகத் தெரிகிறது. கேட்ட வேலையை முறைப்படி முடிப்பது கடமை. கேட்கப்படாத தேவையைக் கண்டுபிடிக்க, அதற்கு முன் சில மாலைகள் அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அந்தப் பார்வைதான் அன்பின் உழைப்பு. ரொட்டியை எடுத்து வைப்பது அதன் கடைசி அரை நிமிடம். மடத்தை விட்டு வெளியே போகாத இவரை 1925-இல் புனிதராக அறிவித்த திருச்சபை, 1927-இல் மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலராகவும் 1997-இல் மறைவல்லுநராகவும் அறிவித்தது. மறைவல்லுநர் என்பது, திருச்சபை முழுவதற்கும் ஆசிரியர் என்று கொள்ளத்தக்க போதனை தந்தவர்களுக்கான பட்டம். மிகச் சிலருக்கே அது கிடைத்திருக்கிறது.

சிறு பக்தி எதற்கு?

அன்புச் செயல் பிறரை நோக்கிப் போவது. பக்திச் செயல் கடவுளை நோக்கிப் போவது. சாப்பிடுமுன் ஒரு வரி நன்றி, வேலை தொடங்குமுன் ஒரு மூச்சு ஜெபம், விவிலியத்தின் சங்கீத நூலிலிருந்து ஒரு வசனம் எல்லாம் இந்த வகை. இவை தேவையா, பிறருக்கு உதவினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1 யோவான் 4:20 இரண்டையும் பிரிக்க விடுவதில்லை. கண்ட சகோதரரிடம் அன்புகூராதவர் காணாத கடவுளிடம் எப்படி அன்புகூர்வார் என்று அது கேட்கிறது. பிறரன்பு இல்லாத பக்தி பொய்யாகும். ஆனால் பக்தி இல்லாமல் பிறரன்பு மட்டும் நெடுநாள் தாக்குப்பிடிப்பதும் கடினம். பாராட்டு நின்றவுடன் கையும் நின்றுவிடும், ஏனென்றால் ஊற்று வெளியே இருந்திருக்கிறது.

குறுகிய ஜெபத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. எகிப்துத் துறவிகள் அடிக்கடி, ஆனால் மிகச் சுருக்கமாக, அம்பு எய்வதுபோல் ஜெபிக்கிறார்கள் என்று 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனார் ஒரு கடிதத்தில் எழுதினார். ஜெபம் நீண்டால் விழிப்பான கவனம் மழுங்கிவிடும் என்பது அவர் தரும் காரணம். கீழைத் திருச்சபைகளில் "ஆண்டவர் இயேசு கிறிஸ்துவே, கடவுளின் மகனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்ற ஒற்றை வரி மூச்சோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. 17-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் கார்மேல் சபையின் சகோதரர் லாரன்ஸ் மடத்துச் சமையலறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை அது. அடுப்படி இரைச்சலுக்கு நடுவிலும் கடவுளோடு பேசப் பழகிக்கொண்டவர் என்றுதான் இன்றும் அவரை நினைவுகூர்கிறார்கள்.

ஆக, சிறு பக்தியின் வேலை கவனத்தைத் திருப்புவது. நாள் முழுவதும் நம் கவனம் நம்மையே சுற்றி வருகிறது. பத்து விநாடி ஜெபம் அந்தச் சுற்றைச் சற்று உடைக்கிறது. உடைந்த இடத்தில்தான் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படுகிறார்.

செய்பவருக்குள் என்ன நடக்கிறது?

ஒரே நற்செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அது எளிதாகிறது, பிறகு இயல்பாகிறது. இப்படி இயல்பாகிவிட்ட நன்மையை நற்பண்பு என்று கிறிஸ்தவ அறநெறி அழைக்கிறது. "கொஞ்சத்திலே உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாயிருக்கிறான்" என்ற லூக்கா 16:10 இதற்கு அருகில் நிற்கிறது. சில்லறைப் பாக்கியைத் திருப்பிக் கொடுக்கப் பழகிய கை, பெரும் தொகை வரும் நாளில் அதிகம் தடுமாறாது. பெரிய சோதனை சொல்லிக்கொண்டு வருவதில்லை. வரும்போது புதிதாகப் பயிற்சி எடுக்க நேரம் இருக்காது. ஏற்கெனவே பழகியதைத்தான் மனிதர் செய்வார்.

இதுவும் கிருபைக்கு வெளியே நடப்பதல்ல. பயிற்சி நம்முடையது, அதற்கான பலம் கொடுக்கப்பட்டது என்பதே பொதுவான கிறிஸ்தவப் புரிதல்.

எங்கே பிசகுகிறது?

முதலாவது, நியாயத்துக்குப் பதிலாகச் சிறு தயவைக் கொடுப்பது. வேலையாளுக்குச் சேர வேண்டிய கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு பண்டிகைக்கு இனிப்புக் கொடுப்பவர் அன்புச் செயல் செய்யவில்லை. புதினா, சோம்பு, சீரகம் ஆகியவற்றில்கூடப் பத்தில் ஒன்று கணக்காகக் கொடுத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் உண்மையையும் கைவிட்டவர்களை மத்தேயு 23:23-இல் இயேசு கண்டிக்கிறார். அங்கே அவர் சிறியதை விடச் சொல்லவில்லை. இதையும் செய்ய வேண்டும், அதையும் விட்டுவிடக் கூடாது என்கிறார். படுக்கையில் இருப்பவரைப் பக்கம் மாற்றுவது மருத்துவரைக் கூப்பிடாமல் இருப்பதற்குச் சாக்காகாது.

இரண்டாவது, கொடுமையைப் பொறுத்துக்கொள்வதைச் சிறு தியாகம் என்று போதிப்பது. அடி வாங்கும் ஒருவரிடம் "சிரித்த முகமாகச் சகித்துக்கொள், அதுதான் சிலுவை" என்று சொல்வது மிகப் பெரிய தவறு. தெரேசா சகித்தது ஒரு நோயாளி மூதாட்டியின் சிடுசிடுப்பை, வன்முறையை அல்ல. அடிப்பவரிடமிருந்து விலகிப் பாதுகாப்பான இடத்துக்குப் போவதும் உதவி கேட்பதும் அன்புக்கு எதிரானவை அல்ல.

மூன்றாவது, காட்டுவதற்காகச் செய்வது. மத்தேயு 6-ஆம் அதிகாரம் வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்கிறது. 5:16 உங்கள் ஒளி மனிதர் முன் ஒளிரட்டும் என்கிறது. முரண்போல் தோன்றும். பிறர் கண்ணில் படுவது குற்றமில்லை. படுவதற்காகவே செய்வதுதான் சிக்கல். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: இது யாருக்குமே தெரியாது என்றால் இதைச் செய்வேனா?

நான்காவது ஓயாத குற்ற உணர்வு. சின்னதில்தான் எல்லாம் என்று கேட்டவுடன் சிலருக்கு ஒவ்வொரு நிமிடமும் தேர்வு எழுதுவதுபோல் ஆகிவிடும். ஜெபத்தில் ஒரு சொல் தவறினால் முதலிலிருந்து தொடங்குவார்கள். இது பக்தி முற்றியதன் அடையாளம் அல்ல. அனுபவமுள்ள ஒரு போதகரிடமோ அருட்தந்தையிடமோ பேச வேண்டும். தூக்கமும் உணவும் கெடும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

தொடங்குவது எப்படி?

ஒரே ஒரு மனிதர், ஒரே ஒரு செயல் என்று தொடங்குங்கள். "எல்லாரிடமும் அன்பாக இருப்பேன்" என்ற தீர்மானம் மூன்றாம் நாள் மறந்துபோகும், ஏனென்றால் எந்த நேரத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. "இரவு சாப்பாடு முடிந்ததும் அப்பாவின் மருந்து டப்பாவில் மறுநாளுக்கான மாத்திரைகளை எடுத்து வைப்பேன்" என்பது நிற்கும். ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு கட்டிவிடுவதுதான் இதில் முக்கியம். செயல் ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும், வேறு யாருடைய ஒத்துழைப்பும் இல்லாமல் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்குமுன் அந்த மனிதரைச் சில நாள் பாருங்கள், முடிந்தால் கேளுங்கள். நமக்குப் பிடித்த உதவியைப் பிறர்மேல் திணிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. தனிமை வேண்டும் என்பவரிடம் தினமும் போய் உட்கார்ந்து பேசுவது அவருக்குச் சுமை. வேண்டாம் என்று அவர் சொன்னால் விட்டுவிடுவதும் அன்புதான்.

செயலைத் தொடங்கும்போது ஒரு வரி ஜெபம் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஆண்டவரே, இவரைப் பார்க்க எனக்குக் கண் தாரும்" என்பதுபோல் எதுவாகவும் இருக்கலாம். வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை.

இரவில் ஐந்து நிமிடம் நாளைத் திரும்பிப் பாருங்கள். இதற்கு ஆன்ம சோதனை என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டில், இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் இதை ஐந்து படிகளாக வகுத்தார்: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, அன்றைய நாளை மணிக்கு மணி திரும்பிப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒன்றைத் தீர்மானிப்பது. நன்றி முதல் படியில் இருப்பது தற்செயலல்ல. தவறிலிருந்து தொடங்குபவர்கள் பெரும்பாலும் அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். எத்தனை நற்செயல் என்று எண்ணி எழுதிவைக்க வேண்டாம். எண்ணத் தொடங்கினால் கண் மனிதரிடமிருந்து எண்ணுக்குப் போய்விடும். யாரைப் பார்த்தேன், யாரைப் பார்க்காமல் கடந்தேன் என்று மட்டும் கேட்டால் போதும்.

முதல் செயல் யோசிக்காமலே கை போகும் அளவுக்குப் பழகும்வரை இரண்டாவதைச் சேர்க்க வேண்டாம். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம். உற்சாகத்தில் ஒரே நாளில் ஐந்தாறு தொடங்குபவர்கள் களைத்துப் போய் எல்லாவற்றையும் ஒன்றாக விடுகிறார்கள்; களைப்போடு, நான் இவ்வளவு செய்கிறேன், யாரும் கவனிக்கவில்லையே என்ற கசப்பும் வந்துவிடுகிறது. லூக்கா 10-ஆம் அதிகாரத்தில், விருந்து வேலைகளில் தனியாகத் திணறும் மார்த்தா அந்த நிலையில்தான் இயேசுவிடம் முறையிட வருகிறார். கசப்பு தலைகாட்டினால் செயலைக் குறையுங்கள், ஜெபத்தைக் குறைக்காதீர்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் வழக்கமான அளவே செய்யுங்கள். விட்டதற்கு ஈடாக இரண்டு மடங்கு செய்யப் போனால் அது மறுபடியும் கடன் தீர்க்கும் கணக்காகிவிடும். இங்கே கடன் எதுவும் பாக்கியில்லை.